முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிதியை வெட்டினால், மிச்சம் யாருக்கு?

அரசாங்கத்திடம் பணம் இல்லை. எதையாவது வெட்டியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் கைவைத்தால் பெற்றோர் தெருவுக்கு வந்துவிடுவார்கள். சாலையைப் பழுதுபார்க்காமல் விட்டால் வாகனமோட்டிகள் சத்தம் போடுவார்கள். தாத்தா பாட்டிகள் பகலில் போய் வரும் பராமரிப்பு நிலையத்தை மூடினால்? யார் கேட்கப் போறாங்க?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2011ஆம் ஆண்டு அப்படி ஒரு வெட்டு வந்தது. கேட்க ஆள் இருந்தது. மூத்தோர், குடும்பத்தினர், தாதியர், வழக்கறிஞர்கள் எனப் பலரும் சேர்ந்து எதிர்த்தார்கள். பாதி வென்றார்கள். பாதி தோற்றார்கள்.

எங்கோ நடந்த கதைதானே என்று நினைக்க வேண்டாம். மூப்படையும் எந்தச் சமூகத்துக்கும் அந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, நாம் எதைக் கவனிக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், 'சமூகப் பராமரிப்பு'ன்னா என்ன?

வயதாகி உடல்நலம் குன்றியவரைக் கவனித்துக்கொள்ளப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, தாதிமை இல்லம். அவர் வீட்டை விட்டுப் போய் அங்கேயே தங்குவார்.

இன்னொன்று, சமூகப் பராமரிப்பு. அவர் தம் வீட்டிலேயே இருப்பார். உதவி அவரைத் தேடி வரும், அல்லது அவர் பக்கத்திலுள்ள நிலையத்துக்குப் போய்விட்டு மாலையில் வீடு திரும்புவார். வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி விடுவது, சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பது, பகல்நேர நிலையங்கள் எல்லாம் இதில் அடங்கும்.

கலிபோர்னியாவில் வெட்டு விழுந்தது பகல்நேரச் சுகாதார நிலையங்களுக்கு. பெயரைக் கேட்டால் சும்மா உட்கார்ந்து கேரம் ஆடும் இடம் போலத் தோன்றலாம். அப்படி இல்லை. அங்கே தாதி இருப்பார். சர்க்கரை அளவும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். மருந்து சரியாகப் போகிறதா என்று கவனிப்பார்கள். இயன்முறை சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, சமூக ஊழியர், சூடான சாப்பாடு, வீட்டிலிருந்து அழைத்துவர வாகனம் எல்லாம் உண்டு. ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் இந்தச் சேவை கிடைக்க வேண்டும் என்பது விதி.

பக்கவாதம் வந்தவர்கள், முதுமை மறதிநோய் உள்ளவர்கள், மனநலச் சிக்கல் உள்ளவர்கள் போன்றோர்தான் அங்கே வருவார்கள். பெரும்பாலும் வசதி குறைந்தவர்கள்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

சான் ஃபிரான்சிஸ்கோ நகரின் சைனாடவுன் வட்டாரத்திலிருந்து.

1970களின் தொடக்கத்தில் அங்கே ஒரு பிரச்சினை. வயதான சீனக் குடியேறிகள் நிறையப் பேர். பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள். தாதிமை இல்லத்தில் சேர்க்கலாம் என்றால், அங்கே அவர்கள் மொழி பேச ஆள் இல்லை. அவர்கள் சாப்பிடும் சாப்பாடும் இல்லை. அதைவிட, பெற்றவர்களை எங்கோ கொண்டுபோய் விடுவதா என்ற உறுத்தல். இது நம் வீடுகளிலும் கேட்கிற பேச்சுதான், இல்லையா?

1971இல் அந்த வட்டாரத்தில் 'ஒன் லொக்' என்ற அமைப்பு உருவானது. கேண்டனீஸ் மொழியில் 'அமைதியான, மகிழ்ச்சியான இருப்பிடம்' என்று பொருள். 1973இல் அது ஒரு பகல்நேர நிலையத்தைத் திறந்தது. காலையில் அழைத்து வருவது, சிகிச்சை, சாப்பாடு, பேச்சுத்துணை, மாலையில் வீட்டில் கொண்டுபோய் விடுவது. அமெரிக்காவிலேயே இந்த வகையில் முன்னோடியான நிலையங்களில் அதுவும் ஒன்று.

பிறகு கலிபோர்னியா இந்தச் சேவையைத் தன் மெடி-கல் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. வருமானம் குறைந்தவர்களுக்கான மருத்துவ உதவித் திட்டம் அது. அமெரிக்கா முழுவதும் இதற்கு மெடிக்கெய்ட் என்று பெயர். கலிபோர்னியாவில் மெடி-கல். செலவை மாநிலமும் மத்திய அரசாங்கமும் பகிர்ந்துகொள்கின்றன.

வெட்டு என்றதும் ஏன் முதலில் இதில் கைவைக்கிறார்கள்?

முக்கியமான கேள்வி. பதில் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

மெடிக்கெய்ட் 1965இல் தொடங்கியது. அதில் சேரும் ஒவ்வொரு மாநிலமும் தாதிமை இல்லச் செலவைக் கட்டாயம் ஏற்க வேண்டும். ஆனால் வீட்டிலும் சமூகத்திலும் கிடைக்கும் நீண்டகாலப் பராமரிப்புச் சேவைகளில் பெரும்பாலானவை கட்டாயமல்ல. மாநிலம் விரும்பினால் கொடுக்கலாம். விரும்பாவிட்டால் நிறுத்தலாம். அத்தகைய சேவைகளைப் பரவலாக வழங்க மாநிலங்களுக்கு வழி திறந்துவிடப்பட்டதே 1981இல்தான்.

இப்போது ஒரு நிதி அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். பணம் பற்றவில்லை. தாதிமை இல்ல நிதியை நிறுத்தச் சட்டம் விடாது. பகல்நேர நிலையத்தின் நிதியை நிறுத்தலாம். எது முதலில் போகும்?

ஆக, மூத்தோர் அதிகம் விரும்புவது வீட்டில் இருப்பதை. சட்டம் அதிகம் பாதுகாப்பதோ வீட்டை விட்டுப் போவதை. சிக்கலின் வேர் இதுதான்.

சரி, கலிபோர்னியாவில் என்னதான் நடந்தது?

2008 நிதி நெருக்கடியில் மாநிலத்தின் வருவாய் சரிந்தது. அதற்குப் பிறகு நடந்தவை இவை:

• 2009: வாரம் ஐந்து நாள் வரை நிலையத்துக்கு வரலாம் என்றிருந்ததை மூன்று நாளாகக் குறைக்க மாநிலம் சட்டம் போட்டது. பயனாளிகள் சிலர் மத்திய நீதிமன்றத்துக்குப் போனார்கள். செப்டம்பரில் நீதிபதி அந்தக் குறைப்புக்கு இடைக்காலத் தடை விதித்தார்.

• 2010: யாரெல்லாம் நிலையத்துக்கு வரத் தகுதி பெறுவார்கள் என்ற விதிகளை இறுக்க மாநிலம் முயன்றது. அதற்கும் தடை கிடைத்தது.

• 2011 மார்ச்: குறைப்பது, இறுக்குவது எல்லாம் போய், சேவையையே மெடி-கல் திட்டத்திலிருந்து நீக்கும் சட்டத்தில் ஆளுநர் ஜெரி பிரவுன் கையெழுத்திட்டார். அப்போது சுமார் 300 நிலையங்களில் ஏறக்குறைய 35,000 பேர் இந்தச் சேவையைப் பெற்றுவந்தார்கள்.

• 2011 ஜூலை: பழைய சேவைக்குப் பதிலாக அதைவிடச் சிறிய திட்டம் ஒன்றைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் அதை நிராகரித்தார்.

• நிறுத்தும் தேதி முதலில் செப்டம்பர் 1 என்றார்கள். பிறகு டிசம்பர் 1. வீட்டில் இருப்பவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். அடுத்த மாதம் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று தெரியாமல் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

• 2011 நவம்பர்: வழக்கு விசாரணைக்கு முன் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. பழைய சேவை முடிவுக்கு வரும். அதன் இடத்தில் 'சமூகம் சார்ந்த பெரியோர் சேவைகள்' என்ற புதிய திட்டம் வரும். தாதிமை இல்லத்தில் சேரும் அபாயம் உள்ளவர்களுக்கு அது தொடரும்.

• 2012 ஏப்ரல் 1: புதிய திட்டம் நடப்புக்கு வந்தது. இன்றும் இருக்கிறது.

அரசாங்கத் தரப்பிலும் நியாயம் இருந்ததா?

இருந்தது. அதையும் கேட்கத்தான் வேண்டும்.

2011 தொடக்கத்தில் மாநிலத்தின் பற்றாக்குறை 25 பில்லியன் டாலருக்கும் மேல். நெருக்கடிக்காலத்தில் மத்திய அரசாங்கம் மெடிக்கெய்டுக்குக் கொடுத்துவந்த கூடுதல் உதவியும் 2011 ஜூனோடு நின்றது. மாநிலம் தன் வரவுசெலவுத் திட்டத்தைச் சமன்செய்தே ஆக வேண்டும். மத்திய அரசாங்கம் போல ஆண்டுக்கணக்கில் கடன்வாங்கிச் சமாளிக்க முடியாது.

அதோடு, சில நிலையங்கள் தேவையில்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டு கட்டணம் வசூலிக்கின்றன என்ற குற்றச்சாட்டையும் அதிகாரிகள் முன்வைத்தார்கள்.

எதிர்த்தவர்களின் பதில் இது: மோசடி இருந்தால் மோசடி செய்பவரைப் பிடியுங்கள். நேர்மையாக நடக்கும் நிலையத்தையும், அதை நம்பியிருக்கும் மூத்தவரையும் சேர்த்துத் தண்டிக்காதீர்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

இந்த விவாதத்தின் நடுவில் இருப்பது ஒரு சாதாரணக் கணக்கு. கைபேசியை எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பகல்நேர நிலையத்துக்கு மெடி-கல் கொடுத்த கட்டணம் ஒரு நாளைக்குச் சுமார் 76 டாலர். ஒருவர் வாரம் மூன்று நாள் வருகிறார் என்றால், வாரத்துக்கு 228 டாலர்.

தாதிமை இல்லச் செலவு அதைவிட மிக அதிகம். நாளுக்கு இருமடங்கு, அதாவது 152 டாலர் என்றே குறைத்து வைத்துக்கொள்வோம். ஆனால் அங்கே வாரத்தில் ஏழு நாளும் தங்க வேண்டும். ஆக, வாரத்துக்கு 1,064 டாலர்.

இப்போது 100 பேர் வரும் நிலையம் ஒன்றை மூடுகிறீர்கள். வாரத்துக்கு 22,800 டாலர் மிச்சம். நல்ல தொகைதான்.

அந்த 100 பேரில் 22 பேர் தாதிமை இல்லத்துக்குப் போக நேர்ந்தால்? செலவு 23,408 டாலர். மிச்சம் பிடித்தது மொத்தமும் போய்விட்டது. மீதி 78 பேருக்குச் சேவையும் இல்லை.

ஐந்தில் ஒருவருக்குக் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான் எல்லைக்கோடு. அதில் இன்னும் மருத்துவமனைச் செலவைச் சேர்க்கவில்லை. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவு, மருந்து மாறிப்போய் அவசரப் பிரிவுக்கு ஓடும் செலவு எல்லாம் தனி.

இன்னொரு விஷயம். மாநிலம் போட்ட மதிப்பீட்டின்படி மிச்சமாகும் தொகை ஆண்டுக்குச் சுமார் 170 மில்லியன் டாலர். கலிபோர்னியாவில் மெடி-கல் செலவில் ஏறக்குறைய பாதியை மத்திய அரசாங்கம் தருகிறது. மாநிலம் தன் பங்கை நிறுத்தினால் மத்திய அரசாங்கத்தின் பங்கும் வராது. ஆக, மாநிலம் ஒரு டாலர் மிச்சம் பிடிக்க, மூத்தோர் இழப்பது இரண்டு டாலர் சேவை.

கணக்கில் வராத செலவு எங்கே போகிறது?

வீட்டுக்கு.

நிலையத்தை மூடிவிட்டால் அந்த வேலை காணாமல் போய்விடாது. கைமாறும். குளிப்பாட்ட வேண்டும். மருந்து கொடுக்க வேண்டும். மறதிநோய் உள்ளவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை யாராவது செய்தே ஆக வேண்டும்.

பெரும்பாலும் அது மகளாகவோ மருமகளாகவோ இருக்கும். முழுநேர வேலை பகுதிநேரமாகும். பகுதிநேரம் ராஜினாமாவாகும். அவருடைய சம்பளம் போகும், ஓய்வுக்காலச் சேமிப்பு குறையும். சில வீடுகளில் பேரப்பிள்ளை வகுப்பைத் தவறவிட்டு வீட்டில் இருப்பார்.

இந்தச் செலவு எந்த வரவுசெலவுத் திட்ட ஆவணத்திலும் இருக்காது. அதனால்தான் காகிதத்தில் பார்த்தால் வெட்டு லாபமாகத் தெரிகிறது.

அப்போ சமூகப் பராமரிப்பு எப்பவும் மலிவுதானா?

இல்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1980களில் அமெரிக்க அரசாங்கம் இதை ஒரு பெரிய சோதனைத் திட்டத்தின் மூலம் ஆராய்ந்தது. சமூகத்தில் கூடுதல் சேவை பெற்ற மூத்தோரையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சேவை பெற்றவர்களும் அவர்களைப் பராமரித்தவர்களும் வாழ்க்கையில் கூடுதல் நிறைவு கண்டார்கள். ஆனால் மொத்தச் செலவு குறையவில்லை. கூடியது.

ஏன்? சமூகச் சேவை கிடைக்காவிட்டாலும் பலர் தாதிமை இல்லத்துக்குப் போயிருக்க மாட்டார்கள். வீட்டிலேயே கஷ்டப்பட்டு ஓட்டியிருப்பார்கள். அவர்களுக்கும் உதவி கொடுத்ததால் செலவு கூடியது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். முதலாவது: பணம் மிச்சமாக வேண்டுமென்றால், உண்மையாகவே தாதிமை இல்லத்தின் வாசலில் நிற்பவர்களுக்குச் சேவை போய்ச் சேர வேண்டும். கலிபோர்னியாவின் 2011 சமரசம் அந்த வழியில்தான் போனது.

இரண்டாவது இன்னும் முக்கியம். 'மலிவு' என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி வாதாடினால், செலவு கொஞ்சம் கூடியதும் வாதம் விழுந்துவிடும். வீட்டில் கஷ்டப்பட்டு ஓட்டுபவருக்கு உதவி தேவையில்லை என்று ஆகிவிடுமா? அந்தக் கேள்விக்குக் கால்குலேட்டர் பதில் சொல்லாது.

நீதிமன்றம் எதை வைத்துத் தடை விதித்தது?

'மலிவு' என்பதை வைத்து அல்ல. உரிமையை வைத்து.

1990இல் அமெரிக்காவில் உடற்குறையுள்ளோர் உரிமைச் சட்டம் வந்தது. 1999 ஜூன் மாதம் 'ஓம்ஸ்டெட்' வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்.

ஜார்ஜியா மாநிலத்தில் இரு பெண்கள். சமூகத்தில் வாழலாம் என்று அவர்களைக் கவனித்த நிபுணர்களே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் இருவரும் மருத்துவமனையிலேயே வைக்கப்பட்டிருந்தார்கள். வெளியே போதிய சேவை இல்லை. தேவையில்லாமல் ஒருவரை நிலையத்துக்குள் அடைத்து வைப்பதே பாகுபாடு என்றது தீர்ப்பு.

ஆனால் அது எல்லையில்லாத உரிமை அல்ல. ஒருவர் சமூகத்தில் வாழ முடியும் என்று நிபுணர்கள் கருத வேண்டும். அவருக்கும் அதில் விருப்பம் இருக்க வேண்டும். மாநிலத்தின் வளங்களையும் மற்றவர்களின் தேவையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கலிபோர்னியா வழக்குகளில் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பைத்தான் கையில் எடுத்தார்கள். இவர்கள் இன்னும் நிலையத்துக்குள் அடைபடவில்லை. ஆனால் சேவையை வெட்டினால் அடைபடும் அபாயம் இருக்கிறது. மாற்று ஏற்பாடு இல்லாமல் வெட்டுவது சட்டத்துக்கு முரண் என்றார்கள். நீதிபதி அந்த வாதத்தை ஏற்றார்.

கவனித்தீர்களா? 'மாற்று ஏற்பாடு இல்லாமல்' என்பதுதான் வாதத்தின் முதுகெலும்பு.

எதிர்த்தவர்கள் ஜெயித்தார்களா?

திட்டம் தப்பியது. ஆனால் சேதாரம் இருந்தது.

புதிய திட்டத்துக்கு எல்லாரும் தகுதி பெறவில்லை. ஒவ்வொருவரையும் மறுபடி மதிப்பிட்டார்கள். கட்டணமும் குறைக்கப்பட்டது. எப்போது மூடுவார்கள் என்று தெரியாத நிலையில் சில நிலையங்கள் தாமாகவே கதவைச் சாத்தின. சுமார் 300 ஆக இருந்த நிலையங்கள், சில ஆண்டுகளில் ஏறக்குறைய 240 ஆகிவிட்டன.

நிலையத்தை மூட ஒரு கையெழுத்து போதும். திரும்பத் திறக்க அப்படி முடியாது. தாதி வேறு வேலைக்குப் போயிருப்பார். வாகன ஓட்டுநர் போயிருப்பார். வாடகை இடம் கைமாறியிருக்கும். அந்த மூத்தவரோ அதற்குள் இன்னும் நலிந்திருப்பார்.

அதோடு முடிந்ததா?

இல்லை. 2020 மே மாதம் கோவிட்-19 நெருக்கடியில் மாநிலத்தின் பற்றாக்குறை 54 பில்லியன் டாலரைத் தாண்டும் என்று கணிக்கப்பட்டது. ஆளுநர் கெவின் நியூசம் அதே திட்டத்தை நிறுத்த முன்மொழிந்தார்.

அந்தச் சமயம் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? கிருமி தாதிமை இல்லங்களுக்குள் புகுந்து பல மூத்தோரின் உயிரைப் பறித்துக்கொண்டிருந்தது. பகல்நேர நிலையங்களின் ஊழியர்களோ ஆட்களைக் கூட்ட முடியாததால் தொலைபேசியில் நலம் விசாரித்து, வீட்டு வாசலில் சாப்பாடு வைத்துவிட்டு வந்தார்கள். வீட்டில் பத்திரமாக இருக்க உதவும் சேவையை அந்த நேரத்தில் நிறுத்துவதா என்று எதிர்ப்பு எழுந்தது. ஜூன் மாதம் சட்டமன்றம் அந்தப் பரிந்துரையை ஏற்க மறுத்தது. திட்டம் மீண்டும் தப்பியது.

2025 ஜூலை 4ஆம் தேதி அதிபர் டோனல்ட் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரி, செலவுச் சட்டம் மெடிக்கெய்ட் நிதியைக் குறைக்கிறது. பத்து ஆண்டில் 900 பில்லியன் டாலருக்கும் மேல் குறையும் என்பது அமெரிக்க நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகத்தின் மதிப்பீடு. 'பகல்நேர நிலையங்களை மூடு' என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. மாநிலங்களின் கையில் பணம் குறைந்தால், கட்டாயமில்லாத சேவைக்குத்தான் முதலில் ஆபத்து. முன்பு நடந்தது அதுதான்.

சரி, சிங்கப்பூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இங்கே நிலைமை வேறு. சிங்கப்பூர் இப்போது வெட்டவில்லை. கூட்டுகிறது.

2030ஆம் ஆண்டுக்குள் நம் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதில் இருப்பார். அதற்காகத்தான் 2023இல் 'ஏஜ் வெல் எஸ்ஜி' திட்டம் அறிவிக்கப்பட்டது. பத்து ஆண்டில் 3.5 பில்லியன் வெள்ளி. துடிப்புடன் மூப்படையும் நிலையங்களை 2025க்குள் 220 ஆக உயர்த்துவது இலக்காக வைக்கப்பட்டது. உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலோ பக்கத்து புளோக்கிலோ ஒன்று இருக்கலாம். காலையில் உடற்பயிற்சி நடக்கும், தனியாக வசிப்பவரை எட்டிப்பார்க்கத் தொண்டூழியர் போவார். இவை போக, கூடுதல் கவனிப்பு தேவைப்படுவோருக்குப் பகல்நேர மூத்தோர் பராமரிப்பு நிலையங்கள் உள்ளன. குடும்ப வருமானத்தைப் பொறுத்து அங்கே மானியம் கிடைக்கும்.

நிதி முறையும் வேறு. கடுமையான உடற்குறை ஏற்பட்டால் மாதாந்தரத் தொகை தரும் கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதி 2020 அக்டோபரில் தொடங்கியது. 1980இலோ அதற்குப் பிறகோ பிறந்த சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், 30 வயதானதும் நீங்கள் தானாகவே அதில் சேர்க்கப்படுவீர்கள்.

ஆனால் அடிப்படைக் கேள்வி இரு நாடுகளுக்கும் ஒன்றுதான். நல்ல காலத்தில் திறக்கும் நிலையம் கெட்ட காலத்திலும் திறந்திருக்குமா? பொருளியல் சுணங்கும் ஆண்டில் எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது? அந்த முடிவு எடுக்கும்போது இன்று 20களில் இருக்கும் நீங்கள் வாக்காளர், வரி செலுத்துபவர், ஒருவேளை வீட்டின் முதன்மைப் பராமரிப்பாளர்.

பேச வழிகளும் உண்டு. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் பொதுமக்களிடம் கருத்து கேட்கிறார்கள். 'ரீச்' தளத்தில் உங்கள் கருத்தைப் பதிவு செய்யலாம். நாடாளுமன்றத்தில் ஒவ்வோர் அமைச்சின் செலவையும் உறுப்பினர்கள் விவாதிக்கிறார்கள். மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சியில் உங்கள் தொகுதி உறுப்பினரை நேரில் பார்த்துப் பேசலாம். உங்கள் பாட்டிக்கு அந்த நிலையம் என்ன செய்கிறது என்று அவரால் எழுத முடியாமல் போகலாம். உங்களால் முடியும். அதுவும் இரண்டு மொழியில்.

அடுத்த முறை 'நிதிக் குறைப்பு' என்று செய்தி வந்தால்

எந்த நாட்டுச் செய்தியாக இருந்தாலும் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

1. எத்தனை பேர் சேவையை இழப்பார்கள்? அவர்கள் யார்?

2. அவர்கள் அடுத்த நாள் காலை எங்கே போவார்கள்? மாற்று ஏற்பாடு தயாரா, அல்லது 'பிறகு வரும்' என்ற வாக்குறுதி மட்டுமா?

3. மிச்சம் என்று சொல்லும் தொகையில் தாதிமை இல்லம், மருத்துவமனைச் செலவு கழிக்கப்பட்டிருக்கிறதா?

4. அந்த வேலை யார் கைக்குப் போகிறது? அவருடைய சம்பளம் கணக்கில் இருக்கிறதா?

5. தவறு என்று தெரிந்தால் திரும்பத் திறக்க முடியுமா? எவ்வளவு காலம் ஆகும்?

கலிபோர்னியாவில் எதிர்த்தவர்கள் 'வெட்டாதீர்கள்' என்று கோஷம் மட்டும் போட்டிருந்தால் பழைய சேவையோடு எல்லாமே முடிந்திருக்கும். 'எங்களை எங்கே போகச் சொல்கிறீர்கள்?' என்று கேட்டார்கள். அரசாங்கத்திடம் அதற்குத் தயாரான பதில் இல்லை. அந்த ஒரு கேள்விதான் 2012இல் புதிய திட்டமாக மாறியது.